காஜாக்காவின் அந்த ஒரு ஓட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கால்சட்டை குட்டையாகிப்போனதால் பிறந்தது. தையல்காரரிடம் சண்டை போடப் போயிருந்தேன். என் காலுக்கு அளவாக அவர் வெட்டிவைத்திருந்த காகிதத்தில் ஒரு பெண்ணின் பாதிச் சிரிப்பு தெரிந்தது. பழைய தேர்தல் போஸ்டர்.

"யாரு இவங்க?"

"எங்க வீட்டுக்காரி. எம்.எல்.ஏ.," என்றார், வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே.

வந்த சண்டை மறந்துபோயிற்று. (கால்சட்டை இன்னும் குட்டைதான்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'வரலாறு சிலரைத் தானே தேடி வந்து, அவர்களின் தோளில்'

வேண்டாம். இதைப் படித்தால் அந்த அம்மாவே என்னை அடிக்க வருவார்.

இரண்டாவது தொடக்கம்: அவள்* கணவரின் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூல் கட்டுகிற வேலை. அதனால் தெருவுக்கே அவள் காஜாக்கா. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த பிறகு, ஒருநாள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"நானே கவுன்சிலருக்கு நிக்கப்போறேன்."

"தாராளமா நில்லு. என் ஓட்டு உனக்கு இல்ல. நீ ஜெயிச்சுட்டா காஜாவை யாரு எடுக்கறது?" என்றார் கணவர்.

சொன்ன சொல் தவறாத மனிதர். (கால்சட்டை விஷயம் தவிர.) வாக்குப்பதிவன்று அவர் விரலில் மை இருந்தது. யாருக்கு வைத்த மை என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

காஜாக்கா ஜெயித்தாள். ஒரே ஒரு ஓட்டில்.

(*சட்டமன்ற உறுப்பினரை 'அவள்' என்று எழுதலாமா? 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். கதை கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்துக்கொண்டது.)

3

மறுநாள் விடிந்ததும் பால்காரர் வந்தார். "அக்கா, அந்த ஒரு ஓட்டு என்னோடது. எங்க சந்துல சாக்கடை அடைச்சிருக்கு." அவர் போனதும் இஸ்திரிக்காரர். அந்த ஒரு ஓட்டு அவருடையதாம். சாயங்காலம் தோற்றவரின் மச்சானே வந்து அதையே காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காஜாக்கா எல்லோரையும் நம்பினாள். யாருடையது மெய் என்று தெரியாததால் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. சாக்கடை ஓடியது, விளக்கு எரிந்தது, குழாயில் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது. அடுத்த தேர்தலில் ஓட்டு கொட்டியது. கவுன்சிலர் நகராட்சித் தலைவியானாள். பிறகு சட்டமன்றம்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவளா? நம்புகிற மாதிரி ஒரு குறை வேண்டாமா? கோபக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சிக் கூட்டத்தில் அவள் தட்டித் தட்டியே ஒரு மேசைக்குக் கால் ஆடிவிட்டது. அதைச் சரிசெய்ய வந்த தச்சரும் 'அந்த ஒரு ஓட்டு' போட்டவர்தான்.]

4

சட்டமன்றத்தில் முதல் பேச்சு. இரண்டு வாரம் மனப்பாடம் செய்தும், எழுந்து நின்றதும் பழைய வாய் முந்திக்கொண்டது.

"எங்க வார்டுல..."

அவையே சிரித்தது. "உறுப்பினர் இப்ப சட்டமன்றத்துல இருக்காங்க," என்று நினைவூட்டினார் பேரவைத் தலைவர்.

"தெரியுங்க ஐயா. ஆனா தண்ணி வராதது வார்டுலதானே?"

சிரித்தவர்களே மேசையைத் தட்டினார்கள். மேலே பார்வையாளர் மாடத்தில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அங்கே கைதட்டக் கூடாது. காவலர் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

கணவர்தான். காஜாக்காவுக்குச் சந்தோஷம் பொங்கியது. கூடவே, இத்தனை வருடமாக அடியில் கிடந்த ஒரு வருத்தமும் மேலே வந்தது. ஊரே உரிமை கொண்டாடிய அந்த ஓட்டை, இந்த மனுஷன் மட்டும் ஒருநாளும் தன்னுடையது என்று சொன்னதில்லை.

5

கணவர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, காவலர் பிடித்ததில் அறுந்துபோன பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அன்னைக்கு யாருக்குப் போட்டீங்க?"

முடிவு ஒன்று:

"உனக்குத்தான். வாய்தான் இல்லன்னுச்சு, கை கேக்கல."

முடிவு இரண்டு:

"எதிராளிக்குத்தான். சொன்னா சொன்னதுதான். அப்படியும் ஜெயிச்சுட்டு வந்து நின்ன பாரு, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே காஜாவை நான் எடுத்துக்கறேன்னு."

இரண்டிலும் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். இரண்டிலும் வருத்தம் கரைந்துபோகிறது. ஆனால் நடந்தது ஒன்றாகத்தானே இருக்க முடியும்? தையல்காரரிடமே கேட்டேன்.

"அது ரகசிய ஓட்டு தம்பி. சட்டம் போடறவ புருஷனே சட்டத்தை மீறலாமா?" என்று சொல்லிவிட்டு, குனிந்து காஜா எடுக்க ஆரம்பித்தார்.

6

எனக்கு முதல் முடிவு பிடித்திருக்கிறது. என் மனைவிக்கு இரண்டாவது. வீட்டில் சரிக்குச் சரியாக நிற்கிறது, சாப்பாட்டு நேரத்திலும் விட்டபாடில்லை. ஒரே ஒரு ஓட்டு குறைகிறது.

நீங்கள் போடுங்கள். எந்த முடிவுக்குப் போட்டீர்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். ஆனால் எங்கேயாவது காஜாக்காவைப் பார்த்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: "அக்கா, அந்த ஒரு ஓட்டு என்னோடது."

நம்பிவிடுவாள். உங்கள் தெருவில் என்ன குறை என்று கேட்பாள்.