மாடிப்படிக்குக் கீழே

"முதல்ல இந்தக் கட்டிலை வெளிய எடுத்துடுக்கா. அந்த ஆளு வர்ற நேரமாச்சு."

தம்பி அறைக்குள் தலையை மட்டும் நீட்டிச் சொன்னான். முழுதாக உள்ளே வரவில்லை. வந்தால் குனிய வேண்டும். மேலே மாடிப்படி ஏறுகிற சாய்வுதான் அந்த அறைக்குக் கூரை. நுழைகிற இடத்தில் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போக அது தலைக்கு மேல் இறங்கி, கடைசியில் தரையைத் தொட்டுவிடும். ஜன்னல் கிடையாது. அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கம் என்பதால் ஜன்னல் வைக்கவும் வழியில்லை.

அக்கா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்து எங்க வைக்கிறது?"

"பின்பக்கம் சாத்தி வை. மொட்டை மாடியில போடு. எங்கயாவது வை. அவர் கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான்."

கட்டிலா, நானா என்ற கேள்வி வாய்வரை வந்தது. அதற்குள் அவனுடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே போய்விட்டான்.

அவளை அந்த வீட்டில் வேலைக்கு வந்த எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பி கூப்பிட்டதைப் பார்த்து மேஸ்திரி கூப்பிட்டார். மேஸ்திரியைப் பார்த்து தச்சர், பெயிண்டர், மணல் லாரி டிரைவர் வரை அதுவே நிலைத்துவிட்டது. கட்டிக்கொண்டு போன இடத்தில் புருஷனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்து, அவள் பெட்டியோடு திரும்பி வந்தபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அப்பா அப்போதே இல்லை. மருந்துக்கடை கவுண்டரில் நின்று நின்றே அவனைப் படிக்க வைத்தாள், அம்மாவைக் கடைசிவரை பார்த்தாள், அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தாள்.

அஸ்திவாரம் தோண்டிய வாரம் தம்பி அவளிடம் வந்து உட்கார்ந்தான்.

"வேலையை விட்டுடுக்கா. வெளியாளை நம்பி விட முடியாது. நம்ம வீடு. நீ பக்கத்துல நின்னாத்தான் உருப்படும்."

நம்ம வீடு என்ற சொல்லுக்காக விட்டாள்.

நின்றாள். வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் விட்டாள். கட்டுவதுகூட மளமளவென்று முடிந்துவிட்டது. முடிக்கிற வேலைதான் அவளைத் தலைகீழாக நிற்க வைத்தது. பெயிண்டர் ஒரு அறையை முடிக்குமுன் இன்னொரு வீட்டில் வேலையைத் தொடங்கிவிட்டு வருவார். தச்சர் கதவைப் பொருத்துவார். மழை வந்தால் அது மூடாது, வெயில் வந்தால் இடைவெளியில் விரல் நுழையும். பிளம்பருக்கு அவள் 'வந்துட்டேன்' என்றே பெயர் வைத்திருந்தாள். எப்போது கூப்பிட்டாலும், "வந்துட்டேன்க்கா, தெருமுனையில நிக்கிறேன்" என்பார். எந்தத் தெருமுனை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவர் போட்ட குளியலறையில் தண்ணீர் குழியை நோக்கி ஓடாமல் நேரெதிர் மூலையில் போய்த் தேங்கியது.

"காய்ஞ்சுடும்க்கா."

"காயறதுக்கு எதுக்கு ஒரு குழி? பேத்துப் போடுங்க."

"ஓடு உடையும்."

"உடையட்டும். நாளைக்கு இங்க யாராவது வழுக்கி விழுந்து இடுப்பு உடையறதுக்கு இது பரவாயில்ல."

பேர்த்துப் போட வைத்தாள். இப்படி ஒவ்வொன்றுக்கும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தவேண்டியிருந்தது.

இந்தக் கத்தலுக்கெல்லாம் நடுவில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. கீழ்த்தளத்தில் பின்பக்கத்து அறை. பெரிதில்லை. ஆனால் காலையில் வெளிச்சம் விழுகிற பெரிய ஜன்னல். அதற்கு வெளிர் பச்சை நிறம் சொன்னவள் அவள்தான். படுத்துக்கொண்டே அணைக்கிற மாதிரி விளக்கு சுவிட்சைக் கட்டில் உயரத்துக்கு வைக்கச் சொன்னதும் அவள்தான். எலக்ட்ரீஷியன், "உங்க ரூமாக்கா?" என்று கேட்டபோது, "பின்ன?" என்றாள்.

வாடகை வீட்டுக்காரர் நெருக்கியதால் வேலை முடியுமுன்பே குடிவந்தார்கள். சாமான்கள் இறங்கிய அன்று தம்பியின் மனைவி பச்சை அறையில் நின்று, "இது கெஸ்ட் ரூம், இங்க எதையும் போடாதீங்க" என்று ஆட்களிடம் சொன்னாள். பிறகு திரும்பி, தணிந்த குரலில்:

"அண்ணி, உங்களுக்கு மாடிப்படிக்குக் கீழ இருக்கிற ரூமை ஒழுங்கு பண்ணியிருக்கு. சமையலறை பக்கத்துலயே. உங்களுக்கும் வசதி."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் பீரோவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லி முடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

தம்பியின் மனைவி பொல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கும் ஒரு மனக்குறை உண்டு. வாடகை வீட்டில் இருந்தவரை அவளுடைய அண்ணன் வந்தால் ராத்திரி தங்காமலே பஸ் ஏறுவார். "எங்க வீட்டு ஆளுங்க வந்தா கால் நீட்ட ஒரு இடம் இருந்ததுண்டா இத்தனை வருஷத்துல?" என்பாள். நியாயம்தான். வருஷத்துக்கு ஒருமுறை கால் நீட்டுகிறவருக்கு ஒரு ஜன்னல் ஒதுக்கியாயிற்று. வெளியூரில் படிக்கிற மகனுக்கு மாடியில் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. தினமும் கால் நீட்டுகிறவளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிறந்த வீட்டில் மகளுக்குக் கல்யாணம்வரை இடம் உண்டு. கல்யாணமானவளுக்கு விருந்தாளியாக இடம் உண்டு. திரும்பி வந்தவளுக்கு என்ன இடம் என்பதை மட்டும் எந்த வரைபடத்திலும் யாரும் போடுவதில்லை.

வீட்டுக்கு நிறைவுச் சான்று கிடைத்தால்தான் நிரந்தர மின் இணைப்பு. அதுவரை தற்காலிக இணைப்பு. மோட்டார் போட்டால் ஃபேன் நிற்கும். சான்று தருகிற கட்டட இன்ஸ்பெக்டர் முதல் தடவை வந்தபோது மாடிக் கைப்பிடியில் கம்பிகளுக்கிடையே சந்து அதிகம் என்றார், கழிவுக்குழாய்க்குக் காற்றுப்போக்கி இல்லை என்றார். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். கட்டில் கிடந்தது.

"இதுல யார் படுக்கிறது?"

"சும்மா போட்டு வச்சிருக்கோம் சார். ஸ்டோர் ரூம்" என்றான் தம்பி.

"ஸ்டோர்னா ஸ்டோரா இருக்கணும். ஆள் படுக்கிற ரூம்னா ஜன்னல் வேணும். இல்லேன்னா என்னால பாஸ் பண்ண முடியாது."

அதனால்தான் இன்று கட்டிலை எடுக்கச் சொன்னது.

அக்கா எடுத்தாள். ஒரு முனையைத் தூக்கி, மறு முனையை இழுத்து, பின்பக்கம் சாத்தினாள். அந்த இடத்தில் தம்பி ஒரு இரும்பு அலமாரியை நிறுத்தி, காலி பெயிண்ட் டப்பாக்களை அடுக்கினான். அவளுடைய சேலைகளும் தலையணையும் ஒரு மூட்டையாகி சமையலறை மேடைக்கடியில் போயின. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒருத்தி இருந்த சுவடே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்லவர், கெட்டவர் என்று எதுவும் சொல்லத் தோன்றாத முகம். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். காற்றுப்போக்கியை அண்ணாந்து பார்த்தார். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். அக்கா ஊற்றினாள். தண்ணீர் மறுபேச்சு இல்லாமல் குழியில் போய் இறங்கியது. மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். தம்பியின் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு களை வந்தது.

"வீட்ல மொத்தம் எத்தனை பேரு?" பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

"மூணு பேரு சார். நான், வைஃப், பையன்."

அவர் எழுதப் போனார். பிறகு, வாளியைப் பிடித்தபடி நின்ற அக்காவைப் பார்த்தார்.

"இவங்க?"

"அக்கா. அவங்க... வந்து போவாங்க."

அவனுக்கு அந்தப் பொய் சிரமமாகக்கூட இல்லை. தெருவில் போகிறவரிடம் மணி சொல்வது போலச் சொன்னான்.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். குரல் நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"நான் எங்கயும் வந்து போகல சார். இங்கதான் இருக்கேன். இவன் சின்னப் பையனா இருந்ததுலேருந்து இவன் கூடத்தான் இருக்கேன். நீங்க இப்ப எட்டிப் பாத்தீங்களே, அதுலதான் படுக்கிறேன். என் கட்டில் பின்னால இருக்கு."

"அக்கா!"

"எத்தனை பேருன்னு கேட்டாரு. நாலு பேருன்னு சொல்லுடா."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். குடும்பச் சண்டைக்கு நடுவில் நிற்க அவருக்கு விருப்பமில்லை.

"அடுத்த தடவை வர்றப்ப இவங்க படுக்கிற ரூமைக் காட்டுங்க. காத்து வர்ற ரூமா இருக்கணும். அதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்து."

அவர் பைக் தெருவைத் தாண்டும்வரை தம்பி பொறுத்தான்.

"உனக்கு இப்ப சந்தோஷமா? வாயை மூடிட்டு நின்னிருந்தா இன்னிக்கு முடிஞ்சிருக்கும்! ஊரான் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!"

"உன் மானம் போச்சுன்னு கத்தறே. நீ என்னை ஆளே இல்லேன்னு சொன்னியே, அது என்னடா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ஒரு பேச்சுக்கு என் பேரையும் சேத்துச் சொல்லியிருக்கலாமே."

அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று தம்பி யோசித்தான். அவர் அவளை நேரிலேயே பார்த்துவிட்டாரே என்று விட்டான். சுவரை உடைக்கலாமா என்று மேஸ்திரியைக் கேட்டான். உடைத்தால் பக்கத்து வீட்டுச் சமையலறை தெரியும் என்றார் மேஸ்திரி. ஃபேன் நின்று நின்று ஓடியது. கடைசியில் யோசனை சொன்னது தம்பியின் மனைவிதான்.

"அண்ணி கட்டிலைக் கெஸ்ட் ரூம்ல போட்டுக் காட்டுவோம். அவர் பாத்துட்டுப் போயிடுவாரு. அப்புறம் எடுத்துக்கலாம். ஒரு நாள்தானே?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலைப் போட்டார்கள். தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று அவளுடைய மூட்டையைப் பிரித்து, சேலைகளைக் கொடியில் போட்டு, தலையணையை வைத்து, அவள் கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் வைத்தவள்கூடத் தம்பியின் மனைவிதான். "இப்பப் பாத்தா நிஜமாவே உங்க ரூம் மாதிரி இருக்கு" என்றாள், நல்லெண்ணத்தோடு.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஜன்னலைத் திறந்து மூடினார்.

"இதுதானே உங்க ரூம்?"

"ஆமா சார்" என்றாள் அக்கா. பின்னால் நின்ற தம்பி, "ஆமா சார், அக்கா ரூம்தான்" என்று அழுத்திச் சொன்னான். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். ஒரு மனுஷிக்குக் காற்று வேண்டும் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. அதற்குமேல் சட்டத்துக்கும் கவலை இல்லை. அவர் போய்விட்டார்.

சாயங்காலம் தம்பியும் அவன் மனைவியும் கதவருகே வந்து நின்றார்கள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சதுக்கா" என்றான் தம்பி. குரல் பழையபடி குழைந்திருந்தது. "இவ அண்ணன் வர்ற வாரம் வர்றாரு. கட்டிலை எடுத்துடலாமா?"

"எடுத்துக்குங்க."

எழுந்து ஒதுங்கி நின்றாள். தலையணையையும் போர்வையையும் மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்க்காத இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். வாசல் நிலைவரை போனபோதுதான் தம்பி திரும்பிப் பார்த்தான். அக்கா ஜன்னலுக்குக் கீழே, வெறுந்தரையில், போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா?"

"கட்டில்தானே வேணும்? எடுத்துட்டுப் போ. நான் இந்த ரூமை விட்டு வரமாட்டேன்."

"விளையாடாதே. நேத்தே பேசினதுதானே?"

"நீங்க பேசினீங்க. நான் பேசல. இன்னிக்குக் காலையில அந்த சார்கிட்ட ஆமான்னு சொன்னேன். நீயும் சொன்னே. உனக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அப்படி இல்ல."

"அப்ப என் அண்ணன் வந்தா?" தம்பியின் மனைவிக்குக் குரல் உடைந்தது.

அக்கா அவளைப் பார்த்தாள். கோபத்தோடு இல்லை.

"மாடியில உன் பையன் ரூம் பூட்டித்தானே கிடக்கு? உங்க அண்ணன் அங்க தாராளமா கால் நீட்டட்டும். நானே பெட்ஷீட் மாத்திப் போடறேன். இல்லே, விருந்தாளிக்குப் படிக்குக் கீழ இருக்கிறதே போதும்னா அங்க படுக்க வை. எனக்குப் போதும்னு சொன்னீங்களே."

அண்ணனை அந்த அறையில் படுக்கச் சொல்வதை நினைத்துப் பார்த்தபோதே தம்பியின் மனைவிக்கு முகம் சிவந்தது. தம்பி எரிச்சலோடு கட்டிலை வெடுக்கென்று இழுத்தான். அதன் கால் நிலைக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டது.

"சாய்ச்சுப் பிடிங்க" என்றாள் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "தலைமாட்டை முதல்ல வெளிய விடு. சுவத்துல இடிச்சுடாதே, ரெண்டாவது பூச்சு இன்னும் காயல."

அவன் சாய்த்துப் பிடித்தான். கட்டில் வெளியே போயிற்று.

அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். தாழ் போடவில்லை. போடத் தேவையிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

கூடத்தின் நடுவில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி, அந்தக் கட்டிலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.