எங்கேயும் போகாத கோடு

சன்னிவேலில் வெர்னாவும் லாயிடும் குடியிருந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். வாசற்படிக்கு இந்தப் பக்கம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தொழில், நுண்செயலிச் சில்லுக்குப் படம் வரைவது. ஆனால் கம்பெனி வேறு வேறு, அதுவும் ஒரே சாலையில் எதிரும் புதிருமாக. காலையில் ஒரே காரில் போய், ஆளுக்கொரு பக்கம் இறங்கி, சாயங்காலம் வரை ஜென்ம விரோதிகளாக இருந்துவிட்டு, மறுபடி ஒரே காரில் வீடு திரும்புவார்கள்.

முன்பு இருவரும் ஒரே கம்பெனிதான். அங்கே முதல் சில்லை வரைந்தவர்களில் லாயிட் ஒருவன். அந்தச் சில்லு அடுத்ததைப் பெற்று, நாலு பேர் மதிக்கும் குடும்பமான சமயத்தில் மேலிடத்தோடு மனஸ்தாபம். லாயிடும் கூட்டாளிகளும் சாலையைத் தாண்டிப் போய், அதே மொழி பேசும் இன்னொரு சில்லைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். சில்லுக் கம்பெனிகள் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கில் இது அன்றாடக் கூத்து. பங்காளிச் சண்டை இல்லாத சில்லுக் குடும்பம் எங்கே இருக்கிறது?

வெர்னா பழைய இடத்திலேயே தங்கி மூன்றாம் தலைமுறையை வரைந்துகொண்டிருந்தாள். பேரன் எவ்வளவு கெட்டிக்காரனாகப் பிறந்தாலும், தாத்தாவுக்கு எழுதிய நிரல்களையெல்லாம் பிசகாமல் ஓட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வாங்குகிறவர்கள் சாலையைக் கடந்து லாயிடின் சில்லிடம் போய்விடுவார்கள்.

எழுபத்தெட்டு பிப்ரவரியில் சில்லில் ஒரு புதிய பகுதிக்கு இடம் போதாமல் போயிற்று. சில்லின் படத்தைப் பெரிதாக்கித் தரையில் விரித்து, காலுறையோடு அதன்மேல் தவழ்ந்து கோடு கோடாகப் பார்ப்பார்கள். மூலையில் ஒரு கோடு கிளம்பி, வளைந்து நெளிந்து போய், எதையும் தொடாமல் நின்றது. முதல் சில்லில் இருந்ததை இரண்டாவதிலும் அப்படியே நகலெடுத்திருந்தார்கள். ஏன் என்று கேட்க, முதல் சில்லை வரைந்தவர்கள் யாரும் அங்கே மிச்சமில்லை. அதை அழித்தால் புதிய பகுதி கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

"அழிச்சுத் தொலை வெர்னா," என்றார் மேலாளர் மெர்வின். "புதன்கிழமை படம் ஆலைக்குப் போயாகணும். ஒரு நாள் தள்ளினாலும் எதிர்த்த பக்கத்துல கேக் வெட்டிக் கொண்டாடுவாங்க."

வெர்னாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தூக்கத்தில் பேசும் பழக்கம் உண்டு. வாசற்படிச் சட்டமெல்லாம் தூக்கத்துக்கு எங்கே தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாயிடோடு வெங்காய சூப் குடித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆப்ரிகாட் மரங்கள் பூத்துக் கிடந்தன. கண் சொருகியதும் அவள் படத்துக்குள் இருந்தாள். காலுறையோடு நடந்தாள். சிவப்புத் தெரு, பச்சைத் தெரு, நீலத் தெரு. மின்சாரச் சேதிகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போல அவளை இடித்துக்கொண்டு ஓடின. மேலிருந்து வெள்ளைப் பூவிதழ்கள் மெதுவாக இறங்கின, தரையைத் தொடவே இல்லை. அந்தக் கோட்டின் வழியே நடந்து முடிவுக்கு வந்துவிட்டாள். அதற்கு அப்பால் வெறும் வெளிச்சம். அவ்வளவு நிம்மதியாக இருந்தது, அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல.

"இது எங்கேயும் போகல. அழிச்சிடறேன்," என்றாள்.

"அழிக்காதே," என்றது காதோரம் ஒரு குரல். "அது போறதுக்கு இல்ல, தாமதப்படுத்தறதுக்கு. இங்க ஒரு சேதி தறிகெட்டு ஓடும். இந்தக் கோட்டைச் சுமந்தாத்தான் மெதுவாப் போகும். பக்கத்துச் சேதியும் வந்து சேரும்."

"யாரு பேசறது?"

"கோடுதான் பேசறேன்."

"கோட்டுக்கு எதுக்கு வெங்காய வாசனை?"



கண்விழித்தபோது லாயிட் எதிர் நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தான். காது மடல்கள் சிவந்திருந்தன. "காப்பி போடட்டுமா?" என்றான். "போடு," என்றாள். அத்தோடு சரி.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொன்னது கணவனா, எதிர்க் கம்பெனிக்காரனா? கோட்டை விட்டுவைத்தால் வேறு இடம் தேட வேண்டும், படம் தள்ளிப்போகும். எதிரிக்கு வேண்டியதும் அதுதானே! கணிப்பொறியில் கணக்குப் போட்டுச் சரிபார்க்கவும் புதன்கிழமைக்குள் முடியாது. இப்படி யோசித்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

செவ்வாய்க்கிழமை மெர்வினிடம் போனாள். "அந்தக் கோடு இருக்கட்டும். படம் கொஞ்சம் தள்ளித்தான் போகும்."

"காரணம்?"

"அதை வரைஞ்ச ஆளை எனக்குத் தெரியும். சும்மா ஒரு கோடு இழுக்கிற ஆள் இல்ல."

"அந்த ஆள் இப்போ யாருக்கு வரையறான்னும் தெரியுமில்ல?"

"தெரியும்."

மெர்வின் பென்சிலை மேஜைமேல் எறிந்தார். வாய்க்கு வந்தபடி முணுமுணுத்தார். ஆனாலும் கணக்குப் போடச் சொன்னார். விடை வர அந்த வாரம் முழுக்கப் போயிற்று. கோடு இல்லாத படத்தில் ஒரு சேதி இன்னொன்றை முந்திக்கொண்டு ஓடியது. அந்தப் படத்தை அனுப்பியிருந்தால் தாத்தா காலத்து நிரல்களில் பாதி குப்புற விழுந்திருக்கும். மெர்வின் அவள் மேஜையில் ஒரு டோனட்டை வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் லாயிட் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். வெர்னா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தக் கோடு அங்கேயேதான் இருக்கு," என்றாள்.

அவன் கை நின்றது. "வாசற்படி, வெர்னா."

"வாசற்படியும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு. உன் ஆளுங்களுக்குத் தெரிஞ்சா உன்னை வெளியே தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும். நீ விழப்போறேன்னு தெரிஞ்சும் எப்படிப் பேப்பர் படிக்கிறது?" கிழங்கைக் கீழே வைத்தான். "முழிச்சிருக்கும்போதே சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

"நல்லவேளை, சொல்லல," என்றாள் வெர்னா. "முழிச்சிருந்தா எதிர்த்த கம்பெனிக்காரன் பேசறான்னுதான் நெனச்சிருப்பேன். தூங்கினதாலதான் என் புருஷன் பேசறது காதுல விழுந்துச்சு."