வேலிக்கு அந்தாண்ட

வத்தல்மலையில் கலைவாணன் நடத்திய முகாமில் பதினான்கு டென்ட்டுகள் இருந்தன. சனி, ஞாயிறு வந்தால் பெங்களூரு, ஓசூர், சேலம் ஆட்கள் கார்களில் ஏறி வந்து நிரப்பிவிடுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கரடியைப் பற்றிச் சொல்வது சங்கரின் வேலை.

“டென்ட்டுக்குள்ள திங்கற சாமான் எதுவும் வெச்சுக்காதீங்க. பிஸ்கட்டு, பழம், பல்லு வெளக்கற பேஸ்ட்டுகூட வேணாம். எல்லாத்தையும் சமையல் கொட்டாயில இருக்கற இரும்புப் பெட்டில போட்டுருங்க. கரடி மோப்பம் புடிச்சே வந்துரும்.”

“புலி இல்லையாண்ணா?” என்று யாராவது ஒருவர் கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

“புலி இல்லீங்க. இருந்தாலும் அது ஆளப் பாத்தா ஒதுங்கிப் போயிரும். கரடிக்குக் கண்ணும் காதும் மந்தமுங்க. நீங்க கிட்டப் போற வரைக்கும் அதுக்குத் தெரியாது. தெரிஞ்சதும் பயந்துக்கிட்டு மூஞ்சிமேல பாஞ்சிரும். அதனால நடக்கறப்பப் பேசிக்கிட்டே நடங்க. தனியாப் போவாதீங்க. எதிர்ல பாத்துட்டா ஓடாதீங்க, மெதுவாப் பின்னாடி வாங்க. மேல உழுந்துட்டா குப்புறப் படுத்து, கழுத்தையும் மூஞ்சியையும் கையால மூடிக்குங்க.”

இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது சிரிப்பு நின்றிருக்கும். மூன்று வருடத்தில் அங்கே வந்து தங்கிய ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. “சங்கர் இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல” என்று கலைவாணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்கும்போது சங்கருக்கு மனசு நிறைந்துபோகும்.

முதல் வருடத்தில்தான் ஒரு தடவை ஆளில்லாத டென்ட் ஒன்றைக் கரடி கிழித்துப்போட்டது. உள்ளே இனிப்பு டப்பா இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் கலைவாணன், “மிச்சம் மீதி எதுவும் முகாமுக்குள்ள இருக்கக் கூடாது சங்கர். வேலிக்கு வெளிய, நல்லாத் தள்ளி ஒரு குழி எடு” என்றார். இடத்தைப் பார்த்தது சங்கர். கிழக்குப் பக்கம் பாறை. மேற்கே சரிவில் இறங்கினால் ஒரு பலாமரம். அதன் அடியில் மண் இளகலாக இருந்தது. அங்கேயே வெட்டினான். குழியிலிருந்து பத்தடியில், ஊரிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போகும் ஒற்றையடித் தடம் ஓடியது. அது அவனுக்குத் தெரியாததல்ல. சிறு வயதிலிருந்து அவன் நடந்த தடம்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவை கொட்டியதும் மேலே மண்ணைத் தள்ளி மூடினான். கூட்டம் கூடக் கூட வாளிகளும் கூடின. பிரியாணி, கோழி எலும்பு, தர்பூசணித் தோல் என்று நாளைக்கு ஐந்தாறு வாளி. மூடுவதற்கு நேரமில்லாமல் போனது. பிறகு மூடும் பழக்கமே போய்விட்டது.

அந்தத் தடத்தில் தினமும் நடந்தவர்களில் அவனுடைய அக்கா குள்ளம்மாளும் ஒருத்தி. சங்கரைவிட நான்கு வயது மூத்தவள். அதே ஊரில் சின்னராஜுவுக்கு வாழ்க்கைப்பட்டவள். மலைச்சரிவில் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பி இருந்தது. பக்கத்து வீட்டு நிர்மலாவும் அவளும் சேர்ந்து, உரக்க ஊர்க்கதை பேசிக்கொண்டு போவார்கள், வருவார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் அவள் அவனைத் தடத்தில் நிறுத்தினாள்.

“டேய் சங்கரு, உங்க குழியைச் சுத்திக் கரடி காலடி கெடக்குது. வேற எடம் பாருடா.”

“பாக்கறன்க்கா.”

மார்கழியில் முகாமின் வேலியோரம் வரைக்கும் ஏறி வந்தாள். பழைய ஸ்வெட்டரின் மேல் முந்தானையைச் சுற்றியிருந்தாள்.

“தெனமும் வருதுடா அது. நேத்தெல்லாம் நாங்க போறப்ப சாணி ஆவி பறக்கக் கெடந்துச்சு. நானும் நிர்மலாவும் கத்திக்கிட்டே போறோம். எத்தன நாளைக்கிக் கத்தறது?”

“சார்கிட்டச் சொல்றேன்க்கா.”

சொன்னான். “பொங்கல் லீவு முடியட்டும். ஜேசிபி வெச்சு அந்தப் பக்கம் பெருசாத் தோண்டிரலாம்” என்றார் கலைவாணன். சங்கரும் சரி என்று வந்துவிட்டான். ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் அரை நாளும் இருந்தால் அவனே வேறு குழி எடுத்திருக்கலாம். அதைப் பிற்பாடு அவன் எண்ணாத நாளில்லை.

மாட்டுப் பொங்கலன்று பதினான்கு டென்ட்டும் நிரம்பியிருந்தன. காலையில் ஆள் தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்தது. சங்கர் டீக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கீழே சரிவிலிருந்து ஒரு அலறல் கேட்டது. இரண்டாவது அலறலிலேயே அவனுக்குக் குரல் தெரிந்துவிட்டது.

அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை உருவிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினான். பலாமரத்துக்கும் தடத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு குவியல் அசைந்துகொண்டிருந்தது. கட்டையை வீசிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். கரடி நிமிர்ந்து அவனைப் பார்த்தது. ஒரு கணம் அவன் பக்கம் வரப்போவதுபோல் நின்றது. பிறகு உறுமிக்கொண்டே புதருக்குள் இறங்கிப் போய்விட்டது.

குள்ளம்மாள் மல்லாந்து கிடந்தாள். முகத்தின் வலது பாதி இல்லை. அவன் மடியில் தலையைத் தூக்கி வைத்தபோது அவள் கை அவன் சட்டையைப் பிடித்தது. அந்தப் பிடியை ஆஸ்பத்திரி வரைக்கும் விடவில்லை.

முகாம் ஜீப்பில் அவளை ஏற்றினார்கள். தங்க வந்திருந்த ஒரு பெண் தன்னுடைய துண்டுகளையெல்லாம் கொண்டுவந்து அவள் முகத்தில் சுற்றினாள். மற்றவர்கள் பெட்டிகளைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜீப் திரும்பும்போது அக்காவின் தலை ஆடாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான். “அக்கா, அக்கா” என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் ஐந்து மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது கண் போய்விட்டது. தாடை மூன்று இடத்தில் உடைந்திருந்தது. கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் ஆறு வாரத்துக்குப் பேச முடியாது, குழாய் வழியாகத்தான் கஞ்சி என்றார்கள்.

சின்னராஜு வராந்தாவில் சுவரோரம் குந்தியிருந்தார். மாடு கழுவும்போது நனைந்த வேட்டியோடு வந்தவர் அப்படியே இருந்தார். பார்க்க வந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அவர் சங்கரைக் காட்டிச் சொன்னார்.

“எம் மச்சான் மட்டும் இல்லைன்னா இந்நேரம் பொணத்தத்தான் தூக்கியிருப்போம். கொள்ளிக்கட்டையோட கரடிமேல பாஞ்சிருக்கான்.”

வந்தவர்கள் சங்கரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் கலைவாணன் போன் செய்தார். “அக்காவுக்கு எப்படியிருக்கு? நான் சாயங்காலம் வர்றேன். இங்க பாரு சங்கர், நாளைக்கு ஃபாரஸ்ட்டுல இருந்து பாக்க வருவாங்க. அந்தக் குழி அப்படியே இருந்தா முகாமையே மூடிருவாங்க. உன்னையும் சேத்து இருவது குடும்பம் இதுல பொழைக்குது. நீ ஒரு எட்டு வந்து மூடிட்டுப் போயிரு.”

சங்கர் சுவரோரம் குந்தியிருந்த மாமாவைப் பார்த்தான்.

“கேக்குதா?”

“கேக்குது சார்.”

மாமாவிடம் துணி எடுத்துவரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மலைக்குப் பஸ் ஏறினான். பொழுதிருக்கும்போதே போய்ச் சேர்ந்து குழியை மூடினான். மண்ணைத் தள்ளி மிதித்து, மேலே சருகைப் பரப்பி, காய்ந்த கிளைகளை இழுத்துப் போட்டான். தடத்தில் அக்காவின் தூக்குப்போசி கவிழ்ந்து கிடந்தது. நேற்று வைத்த சர்க்கரைப் பொங்கல் புல்லில் சிதறி, எறும்பு மொய்த்திருந்தது. அதை அவன் தொடவில்லை. அவசர அவசரமாக இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடித்தான்.

மறுநாள் வனக்காப்பாளர் அருள்குமார் இடத்தைப் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் தூக்குப்போசி இருந்தது.

“இது யார் குடுத்துவிட்டது?”

“நாந்தானுங்க” என்றார் சின்னராஜு.

“இனிப்பு வாசனைக்குத்தான் வந்திருக்கும். கரடிக்கு வெல்லம்னா உசுரு. காட்டு வழியில இதயெல்லாம் கொண்டுபோகலாமா?”

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். சின்னராஜு அந்தப் போசியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதன் மூடியால் தன் நெற்றியில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். சங்கர் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

“அவ வேணான்னுதான்டா சொன்னா. நிர்மலா அவங்க ஆத்தா வூட்டுக்குப் போயிட்டா, தனியாத்தான் போறேன், சீக்கிரம் வந்துர்றேன், வெறும் வயித்தோட போறேன்னா. நாந்தான் கேக்கல. மாட்டக் கழுவிட்டு நானும் பின்னாடியே வர்றேன், ரெண்டு பேருமா அங்கயே திம்போம்னு எங்கையால கட்டிக் குடுத்தேன். நானே அவளக் கரடிக்குப் புடிச்சுக் குடுத்துட்டேன்டா மச்சான்.”

“அப்பிடியில்ல மாமா.”

“என்ன இல்ல? ஆபீசரே சொல்லிட்டாரு.”

அன்று முழுக்க சின்னராஜு சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போகக்கூட அவருக்குத் துணிவில்லை. வாசல்வரை போய், கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். மூன்றாம் நாள் காலையில் சங்கர் வாங்கிவந்த இட்லிப் பொட்டலத்தை அவர் பிரிக்காமல் ஒதுக்கி வைத்தபோது, அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

“மாமா, பொங்கலுக்காகக் கரடி வரல. அது ரெண்டு மூணு மாசமா தெனமும் அங்க வந்துட்டுத்தான் இருந்துச்சு. முகாம்ல மிஞ்சறத நான் அங்கதான் கொட்டினேன். பலாமரத்தடில குழி இருந்துச்சு.”

சின்னராஜு அவனையே பார்த்தார். “இருந்துச்சுன்னா?”

“நாந்தான் மூடிட்டேன். துணி எடுத்துட்டு வர்றேன்னு போன அன்னிக்கு.”

“குள்ளம்மாளுக்குத் தெரியுமா குழி இருந்தது?”

“தெரியும். வேற எடம் பாருன்னு ரெண்டு தரம் சொல்லுச்சு. நாந்தான் தள்ளிப்போட்டேன்.”

அவர் அடிப்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தான். சின்னராஜு எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

“இத்தன பேர்கிட்ட உன்னப் பத்திப் பெருமையாச் சொன்னேனேடா. கேட்டுக்கிட்டே நின்னியே” என்றார். அப்புறம் உள்ளே போய், மூன்று நாளில் முதல்முறையாக மனைவியின் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே சங்கர் அருள்குமாரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னான். சருகை விலக்கிக் குழியைத் தோண்டிக் காட்டினான். ஒரு வாரத்தில் முகாம் வாசலில் பூட்டு தொங்கியது. டென்ட்டுகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். சமையலுக்கும் துப்புரவுக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் வேலையில்லாமல் திரும்பினார்கள். “வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன கெட்டுப்போச்சு? போன கண்ணு வரப்போவுதா?” என்று அவன் காதுபடவே பேசினார்கள்.

அக்காவிடம் மட்டும் அவன் இன்னும் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதற்கு என்ன இருந்தது? எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஆறு வாரமும் பகலெல்லாம் அவள் பக்கத்தில் இருந்தான். கஞ்சியை வடிகட்டிக் குழாயில் ஊற்றினான். அவள் ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவன் பக்கம் திரும்பியபோதும் அந்தக் கண்ணில் என்ன இருந்ததென்று அவனால் படிக்க முடியவில்லை.

கம்பியை எடுத்த மறுநாள் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. வார்த்தைகள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு குழறலாக வந்தன. முதலில் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, “சங்கரு” என்றாள்.

“என்னக்கா?”

“ரெண்டு தரம் சொன்னேனேடா.”

அவ்வளவுதான். குரலில் கோபமில்லை. சங்கர் கட்டிலின் கம்பியில் தலையை வைத்து அழுதான். அவள் கை அவன் தலைக்குப் பக்கத்தில், போர்வையின் மேல் இருந்தது. அது அசையவில்லை.

மாசி கடைசியில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கண்ணாடியைச் சின்னராஜு முன்பே கழற்றி ஒளித்துவைத்திருந்தார். குள்ளம்மாள் முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளறையிலேயே இருந்தாள். யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நிர்மலா வந்து வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள். தோட்டத்தில் பறிக்காமல் விட்ட காப்பி உதிர்ந்துபோக, மிச்சத்தைச் சங்கர் தனியாகப் பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி அவர்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தான். சின்னராஜு வேண்டாமென்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பியவனை அவள் உள்ளிருந்து கூப்பிட்டாள். அவன் நிலைப்படியில் நின்றான்.

“உன்னப் பாத்தா எனக்கு அது மேல உழுந்த மாதிரியே இருக்குதுடா. ஒடம்பெல்லாம் நடுங்குது. நீதான் என்னத் தூக்கினேன்னும் தெரியுது. ரெண்டும் ஒண்ணா வருது. கொஞ்ச நாளைக்கி வராத.”

“எத்தன நாளைக்கிக்கா?”

அவள் யோசித்தாள். “தெரியலடா” என்றாள்.

இப்போது சங்கர் தொப்பூரில், லாரிகள் நிற்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும், மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு, கடைக்குப் பின்னால் போய் நின்று மாமாவுக்குப் போன் செய்கிறான். சின்னராஜு எடுத்துவிடுகிறார். “சாப்ட்டா. தூங்கறா” என்கிறார். சில நாள், “நேத்து வாசலுக்கு வந்து உக்காந்தா” என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறார்.

“அக்காகிட்டக் குடுங்க மாமா” என்று அவன் இன்னும் கேட்கவில்லை.