ஏழாம் படத்தின் வால்வு

கொலம்பியாவின் மனிசாலெஸ் நகரில், காப்பிக்கொட்டை உலர்த்தும் நீராவி இயந்திரங்களுக்குக் கையேடு தயாரிப்பது எடில்மாவின் வேலை. இன்ஜினியர் வரைந்து தரும் படங்களில் எது குழாய், எது வால்வு என்று பெயர் வைப்பவள் அவள்தான். பக்கத்தின் மூலையிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இடத்தில் நிறுத்துவாள்.

திங்கட்கிழமை காலை, மேலாளர் எவெலியோ அவள் முன் ஒரு தாளை வைத்தார். ஏதோ ஒரு தோட்டத்தில் ஹெர்னி என்ற தொழிலாளி, ஏழாம் படத்தைப் பார்த்து, ‘வடிகால்’ என்றிருந்த வால்வைத் திறந்திருக்கிறான். நீராவி பீறிட்டுக் கை முழங்கை வரை வெந்துவிட்டது.

“பேரு வச்சது நீதானே? தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுடு.”

எடில்மா கையேட்டைப் புரட்டினாள். படம் பெரிதாகியிருந்தது. பெயர்கள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன. ‘வடிகால்’ என்ற சொல் இப்போது நீராவி வால்வின் மேல் இருந்தது.

“இதை யாரு பெருசாக்குனது?”

இன்ஜினியர் கில்பெர்த்தோ தலையைச் சொறிந்தார். “பக்கம் பாதி காலியா கெடந்துச்சு, எடில்மா அம்மா. கொஞ்சம் இழுத்துவிட்டேன். எழுத்தும் கூடவே வரும்னு நெனச்சேன்.”

“நெனச்சீங்களா! அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவை காட்டுனா கொறஞ்சா போயிருவீங்க?”

“ரெண்டு விரக்கடை நகந்ததுக்கு இவ்வளவு கூச்சலா?” என்றார் எவெலியோ.

“அந்த ரெண்டு விரக்கடையிலதான் ஒரு மனுசன் கை வெந்துருக்கு! சரி, மத்த தோட்டங்களுக்குச் சொல்லிட்டீங்களா?”

“சொன்னா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வக்கீல் சொல்றார்.”

எடில்மா, எவெலியோ வைத்த தாளைத் திருப்பி, படத்தை இழுத்தது யார், தனக்குக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பியது யார் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டாள். பிறகு தோட்டங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, தன் கைப்பேசியில் ஒவ்வொருவராக அழைத்தாள்.

“ஏழாம் படத்தக் கிழிச்சுப் போடுங்க. ஆமா, இப்பவே!”

பத்தாவது அழைப்பின்போது கில்பெர்த்தோ பட்டியலின் கீழ்ப்பாதியை வாங்கிக்கொண்டு தானும் அழைக்கத் தொடங்கினார். நண்பகலுக்குள் நாற்பது தோட்டங்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை எடில்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் எழுதிக் கொடுத்த தாளின் நகலை அவளிடமிருந்து வாங்கி, ஹெர்னியின் மனைவி தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தாள். விசாரணைக்குப் பின் நிறுவனம் மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. ஹெர்னி அதைக் கட்டுப்போடாத கையில் பிடித்து எடில்மாவுக்கு வாசித்துக் காட்டினான். “சிறு அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம்” என்றிருந்தது.

“அச்சுப்பிழையாம்!” என்றாள் எடில்மா. “பேனாவக் குடுங்க. இதுக்குச் சரியான பேர நான் வைக்கிறேன்.”