பன்னிரண்டாயிரம் ரூபாய் பரங்கிக்காய்

கர்த்தருக்குச் செலுத்தும் நன்றியின் விலை, அன்று காலை நிலவரப்படி, முந்நூற்றைம்பது ரூபாயில் நின்றுகொண்டிருந்தது.

சிதம்பரத்தில் ரயிலடிக்கு அப்பால் இருக்கும் சின்னக் கோவிலில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், சேவல், நெல்மூட்டை எல்லாவற்றையும் பந்தலில் வைத்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்கும் கொண்டுபோகலாம். தன் காணிக்கையாகத் திரும்பவும் பீடத்தில் வைக்கலாம். வைத்தால் மைக்கில் குடும்பப் பெயரைப் படிப்பார்கள். அதனால்தான் கடையில் ஐந்து ரூபாய் விற்கும் எலுமிச்சம்பழம் அங்கே ஐந்நூறுக்குப் போகும். மேலே ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று போதகர் சற்றுமுன்தான் பேசியிருந்தார். அதற்குக் கீழேயே ஒரு ரசீது கிடைத்தால் யார்தான் வேண்டாமென்பார்?

கடலூரில் முந்திரி மண்டி வைத்திருக்கும் தேவசகாயம் காரேறி வந்ததும் அந்த ரசீதுக்காகத்தான். கடலூர்க் கோவிலில் அவரைவிடப் பெரிய கைகள் நாலைந்து உண்டு. மனைவி ரேகாவின் ஊரான சிதம்பரத்தில் அவர்தான் பெரிய கை. ஒரே இடைஞ்சல் ரேகாவின் தம்பி அன்புமணி, காலேஜ் வாத்தியார். போன வருஷம் கடைசி நிமிஷத்தில் ஒரு சேவலைத் தட்டிக்கொண்டு போய் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தவன். இந்த வருஷமும் மச்சானிடம் தோற்றால் அவர் ரேகா வீட்டு விசேஷங்களில் தலைகாட்ட முடியாது.

இப்போது மேஜைமேல் ஒரு பரங்கிக்காய். கேட்பது தைலம்மாள். ஆஸ்டலில் பாத்திரம் கழுவுகிறவள். கிறிஸ்துமஸுக்குச் சபை கொடுக்கும் அரிசியை வரிசையில் நின்று வாங்குகிறவள்.

"முந்நூத்தம்பது!" ஏலம் விட்ட பாலகுமார் மைக்கை விழுங்கிவிடுவது போலக் கத்தினான். "ஏங்க, கர்த்தரோட காய்ங்க இது. மார்க்கெட்டு மாரி பேரம் பாக்காதீங்க! முந்நூத்தம்பது ஒருதரம்..."

தைலம்மாளுக்கு ஏது முந்நூற்றைம்பது? தேவசகாயம் திரும்பிப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் அன்புமணி. குனிந்து அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

தேவசகாயத்துக்குப் புரிந்துவிட்டது. முந்திரிக்கொட்டை வியாபாரத்தில் அவர் பார்க்காத தில்லுமுல்லா? முன்னால் ஓர் அப்பாவியை நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்பது பழைய வித்தை. அதற்கு மருந்து ஒன்றுதான். படிப்படியாக ஏறக்கூடாது, ஒரே தாவாகத் தாவி எதிரியின் மூச்சை நிறுத்திவிட வேண்டும்.

"பன்னெண்டாயிரம்!"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு கைதட்டல். பாலகுமார், காய் பீடத்துக்குப் போகும்வரை காத்திராமல், அவர் பெயரை மூன்று தடவை படித்தான். மூன்றாம் தடவை "கடலூர் முந்திரி அதிபர்" என்று தன் கைச்சரக்கையும் சேர்த்துப் போட்டான்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஜெயித்தவருக்கு அது போதவில்லை. பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு எல்லார் கண்ணெதிரிலும் நடந்துபோய்த் தைலம்மாளின் மடியில் வைத்தார்.

"இந்தாம்மா, உனக்குத்தான். கொண்டுபோயி சமைச்சு சாப்புடு. அரிசி வேணும்னாலும் கேளு, கூச்சப்படாத."

மறுபடியும் கைதட்டல். தைலம்மாள் தலை நிமிரவில்லை. ஒரு கையால் காயையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

கை கழுவும் குழாயடியில் தேவசகாயம் அன்புமணியைப் பிடித்தார். "இன்னா மச்சான், உன் ஆளு முந்நூத்தம்பதுலயே படுத்துட்டா?"

"எந்த ஆளு மாமா?"

"நடிக்காத. காதுல ஓதுனத பாத்தேன்."

அன்புமணி குழாயை மூடினான். "அவுங்களுக்கு ஏலம் கேக்கத் தெரியாது மாமா. எப்ப கைய தூக்கணும்னு கேட்டாங்க, சொன்னேன். பொண்ணு ஜான்சிக்கு உங்க கடலூர்லதான் நர்ஸ் வேல கெடச்சிருக்கு. மொத சம்பளம். வாங்குற வரிசையிலயே இத்தினி வருஷம் நின்னாச்சு, ஒரு தடவ குடுக்குற பக்கம் நிக்கணும்னு வந்தாங்க. காய எடுத்து பீடத்துல வைக்கறதுக்கு. நீங்க அதத் தூக்கி அவுங்களுக்கே தர்மம் பண்ணிட்டீங்க."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க மூச்சு உட எடம் குடுத்தீங்களா?"

தேவசகாயத்துக்குக் காது மடல் எரிந்தது. சேதமான சரக்கை உடனே மாற்றிக் கொடுத்துவிட்டால் வாடிக்கை கெடாது என்பது அவர் தொழில் பாடம். தைலம்மாளைத் தேடினார். பந்தலுக்குப் பின்னால், சபை விருந்துக்குச் சாம்பார் கொதிக்கும் அடுப்பருகே அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தாள்.

"தைலம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஏலத்த ரத்து பண்ணிடுவோம். நீங்க கேட்ட வெலைக்கே எடுத்துக்குங்க. பன்னெண்டாயிரத்த நான் தனியா கட்டிடுறேன்." அவர் வாயில் முதல் முறையாக 'நீங்க' வந்தது.

"காய வெட்டிட்டேனேய்யா." பாதி பரங்கிக்காய் துண்டுகளாகக் கூடையில் கிடந்தது. "எல்லாருக்குமா இருக்கட்டும்னு போட்டுட்டேன். காச காணிக்க பொட்டியில போட்டுட்டேன்."

"பேரு படிக்கலையே?"

"பொட்டியில போட்டா எவுங்க படிக்கறாங்க?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "படிச்சிருந்தா நல்லாத்தான்யா இருந்திருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஜான்சிக்கு இன்னிக்கி டூட்டி. 'பேரு படிக்கறப்ப ரெக்கார்டு பண்ணி அனுப்பும்மா'ன்னா. மொதல்லேர்ந்து பிடிச்சுக்கினுதான் இருந்தேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"இல்லய்யா. அதுல உங்க பேச்சுதான இருக்குது."

சமைச்சு சாப்புடு. கூச்சப்படாத. தேவசகாயத்துக்குத் தன் குரலே, போட்டுக் காட்டாமலேயே, தெளிவாகக் கேட்டது. சட்டைப் பை கனத்தது. அதில் இருந்த எதற்கும் இங்கே செலாவணி இல்லை. வேகமாகத் திரும்பினார். "இருங்க, பாலகுமார்கிட்ட சொல்லி இப்பவே உங்க பேர மைக்குல..."

"வேணாம்யா." அரிவாள்மணை நின்றது. "நீங்க சொல்லிப் படிச்சா அதுவும் நீங்க குடுத்ததா ஆயிடும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பேசிப் படியவைத்திருப்பார். ஆயுள் முழுக்க அவர் செய்தது அதைத்தான். தனக்கு இது போதும் என்று மீதி துண்டைக் கூடையில் போடுகிறவளிடம் எதைச் சொல்லி, எங்கிருந்து பேரத்தைத் தொடங்குவது?

விருந்தில் பெரிய மனிதர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலிக்கு அவர் போகவில்லை. பாயில், கடைசி இலையில் உட்கார்ந்தார். ரேகா தூரத்திலிருந்து "அங்க இன்னா பண்றீங்க?" என்று சைகையால் கேட்டாள். அவர் குனிந்து இலையில் தண்ணீர் தெளித்தார். சாம்பார் வாளியோடு வந்தது தைலம்மாள்.

"இன்னும் ரெண்டு காய் போடவாய்யா? வெலைக்கேத்த ருசி இருக்குது."

தலையாட்டினார். பரங்கிக்காய் இனிப்பாக இருந்தது, விழுங்கத்தான் நேரமானது.

கடலூர் திரும்பும் வழியில் ரேகா தூங்கிவிட்டாள். தேவசகாயத்தின் மனது, பழக்க தோஷம், கணக்குப் போட்டது. செலவு, ரூபாய் பன்னிரண்டாயிரம். வரவு, கைதட்டல் இரண்டு, பட்டம் ஒன்று, சாம்பாரில் பரங்கித் துண்டு நான்கு. தைலம்மாளுக்குச் சேர வேண்டியது, ஒரே ஒரு தடவை பெயர் வாசிப்பு. அதை அவர் கையால் கட்ட வழியில்லை.

பாக்கி நிற்கிறது.