வேறொருவன் நெஞ்சு

கபம்ப்வேக்கு மூச்சு விடுவதே ஒரு ஷிப்ட் வேலையாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் செம்புச் சுரங்கத்தின் அடியில் பாறையில் துளை போட்டவன், நெஞ்சுப் படம் எடுக்கும் ஆபீஸின் ஐந்து படிகளை ஏற மூன்று தடவை நின்றான். தூசியால் நுரையீரல் கெட்டது என்று அங்கே எழுதிக் கொடுத்தால்தான் உதவிப் பணம். அவன் போன பிறகும் மனைவி மும்பிக்கு மாசாமாசம் வரும். ரொம்ப நாள் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

"என்ன மச்சான், படிக்குப் படி சலாம் போடுறீங்க?" என்றான் மும்பியின் தம்பி சிஷாலா.

"உங்க அக்காவைக் கட்டினதுக்குத் தண்டனைடா."

கடைசி ஆறு வருஷமும் கபம்ப்வேயின் பெயரில் சட்டையைக் கழற்றி மெஷின் முன்னால் நின்றவன் இந்த சிஷாலாதான். நெஞ்சு சுத்தம் என்று வருஷா வருஷம் முத்திரை விழாவிட்டால் கீழே இறங்க விடமாட்டார்கள். மேலே தரை வேலைக்குத் தள்ளிவிட்டால் பாதிச் சம்பளம். இருமல் கண்டவர்கள் பலரும் தம்பியையோ மச்சினனையோ அனுப்பினார்கள். சுரங்க அடையாள அட்டையிலிருந்த போட்டோவோ பதினெட்டு வயசில் எடுத்தது, யார் முகமாகவும் இருக்கும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார்கள். முட்டாள்தனம், வேறென்ன!

குமாஸ்தா இரண்டு படங்களை விளக்குக் கண்ணாடியில் மாட்டினார்.

"போன வருஷப் படத்துல காறை எலும்பு உடைஞ்சு ஒட்டியிருக்கு. இன்னிக்கு எடுத்ததுல உடைஞ்ச தடமே இல்ல. பெரியவரே, நீங்க கபம்ப்வே இல்ல."

"என்னய்யா பேசுறீங்க?" கூட வந்திருந்த மும்பி எழுந்துவிட்டாள். "எனக்கு என் புருஷனைத் தெரியாதா?"

"சீக்காளியை வாடகைக்குக் கூட்டிட்டு வர்ற எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க. ஆறு வருஷமா படத்துல இருக்கிறவருதான் கபம்ப்வே. இல்லேன்னா அது யாருன்னு சொல்லுங்க. அப்புறம் அவன் எந்தச் சுரங்கத்துலயும் கால் வைக்க முடியாது."

அந்தக் காறை எலும்பு சிஷாலாவுடையது. புதுச் சுரங்கக் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்து நாலு மாசம்தான் ஆகிறது. இரண்டு வீட்டு அடுப்பும் அந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது. ஆனாலும் அவன் சட்டைப் பொத்தானில் கை வைத்தான்.

"ஐயா, அது வந்து..."

கபம்ப்வே அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"ஆமாங்க. நான் வேற ஆளுதான்."

"கொம்பே அப்பா!" என்று பிள்ளையின் பெயரால் கூப்பிட்டு அலறினாள் மும்பி. "நாளைக்கு நான் எதைத் தின்பேன்?"

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான்.

"உங்க நிஜப் பேரை எழுதிக் குடுங்க, போலீஸ் இல்லாம விட்டுடுறேன்," என்று குமாஸ்தா தாளை நீட்டினார்.

கபம்ப்வே பேனாவை வாங்கிக்கொண்டான். பிறகு, போன மழைக்காலத்தில் இருமி இருமியே செத்துப்போன தன் கூட்டாளியின் பெயரை எழுதினான்.