முப்பத்தெட்டு நிமிடம்

யோகா டீச்சருக்கு உடம்பு ரப்பர். மனசுதான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தது. தலைகீழாக நிற்பாள், முதுகை வளைத்துக் கணுக்காலைப் பிடிப்பாள். சும்மா உட்காரச் சொன்னால் நான்கே நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் கால் கட்டைவிரல் ஆடத் தொடங்கிவிடும். எட்டு வருடமாக இது தங்கைக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

சலவைக்கடை மாடியிலிருந்த பயிற்சிக்கூடத்தின் கதவிலோ, திங்கட்கிழமை முதல் தியான வகுப்பு என்று அவள் படத்தோடு அறிவிப்பு இருந்தது. உரிமையாளர் ஒட்டியது. முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பழைய யோக சூத்திர நூல் ஒன்றையும் அதற்கு மூன்று உரைகளையும் வாங்கி, பரீட்சைக்குப் படிப்பவள் போலக் கலர் பென்சிலால் கோடு போட்டாள்.

"புத்தகத்தையும் ஆசனம் போட வைக்கிறியாக்கா? முதுகு உடைஞ்சு தொங்குது," என்றாள் தங்கை.

"சும்மா இருடி. இதுல எங்கயோ வழி சொல்லியிருப்பாங்க."

"உட்காரறதுக்கா? நாற்காலி விக்கறவன்கூட இவ்வளவு விளக்கம் தர மாட்டான்."

வியாழக்கிழமை காலை வகுப்பின் கடைசியில் எல்லோரையும் சவாசனத்தில் படுக்க வைத்தாள். ஏழு நிமிடம் கழித்துக் கைதட்டி எழுப்புவது வழக்கம். அதை வீணாக்குவானேன் என்று மடியில் நூலைத் திறந்தாள். இருக்கையைப் பற்றிய இடம். முதல் உரைகாரர் ஒன்று சொன்னார். இரண்டாமவர் அதை மறுத்தார். மூன்றாமவர் இருவரையும் கடிந்துகொண்டார். அவளும் ஓசையில்லாமல் அந்தச் சண்டைக்குள் இறங்கினாள். கீழே சலவை இயந்திரம் நின்றபோதுதான் நிமிர்ந்தாள். முப்பத்தெட்டு நிமிடம் ஓடியிருந்தது. ஒன்பது பேரும் படுத்தபடியே இருந்தார்கள். இரண்டு பேர் குறட்டை.

அவள் பதறிக் கைதட்டிய ஓசையில், அந்த ஒன்பது பேரில் ஒருவரான பஸ் டிரைவர் துள்ளி எழுந்தார். "போச்சு டீச்சர்! என் பஸ் போச்சு!" ஒரு செருப்பைக் காலிலும் மற்றதைக் கையிலுமாக அவர் படியிறங்கி ஓடினார்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவருகே இரண்டு முறை போய் அறிவிப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டிவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் டிரைவர் வந்தார்.

"மேலதிகாரி கிழிச்சுத் தொங்க விட்டுட்டாரு. அப்படி என்னதான் படிச்சீங்க?"

"அசையாம உட்காரறது எப்படின்னு."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உண்மையைச் சொல்லிடறேன் சார். எனக்கு நாலு நிமிஷத்துக்கு மேல உட்கார வராது. இந்த லட்சணத்துல தியான வகுப்பு! வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

"யாருகிட்ட கதை விடறீங்க? நேத்து நடுவுல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தீங்க. விரல்கூட ஆடலை. டீச்சரே அசையலையே, இன்னும் நேரம் இருக்குன்னு திரும்ப மூடிட்டேன். பஸ்ஸை விட்டதே அதனாலதான்."

அவள் குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டில் அதே பக்கத்தைத் திறந்து அதேபோல உட்கார்ந்தாள். எழுத்தில் ஒரு கண், கட்டைவிரலில் ஒரு கண். மூன்றாவது நிமிடமே எழுந்துவிட்டாள். தன்னைத் தானே வேவு பார்க்கிறவளுக்கு எந்த உரைகாரர் என்ன செய்வார்? ஆனாலும் அந்த முப்பத்தெட்டு நிமிடம் பொய்யில்லையே. அறிவிப்பைக் கிழிக்கக் கை வரவில்லை.

திங்கட்கிழமை ஆறு பேர் வந்தார்கள். தன் நான்கு நிமிடத்தை அவர்களிடம் மறைக்காமல் சொன்னாள். "கத்துக் கொடுக்க எனக்குத் தெரியாது. ஒரு வரி படிக்கறேன். அதோட சேர்ந்து உட்காருவோம்." கடைசி வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள், ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டிரைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் முன்னால் வைத்தார். "நீங்க படிங்க. நேரத்தை நான் பார்த்துக்கறேன். உங்களை நம்ப முடியாது."

அவள் படித்தாள். நூலை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்தாவது நிமிடம்.

"டீச்சர், விரல் ஆடுது."

"ஆடட்டும். நீங்க கண்ணை மூடுங்க."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

அவள் எழுந்திருக்கவில்லை.